அப்பாவின் கம்பெனியில் அழகைத் தேடிய மகன்
எட்ஸெல் போர்டின் வாழ்க்கை

உலகத்திலேயே பெரிய மோட்டார் கம்பெனிக்கு அவர் 25 வயதில் தலைவர் ஆனார். சாகும் வரை, 24 ஆண்டுகள், அந்த நாற்காலியில் இருந்தார். ஆனால் ஒரு காரின் பிரேக்கை மாற்ற வேண்டும் என்றாலும் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். அப்பா சம்மதிக்க மாட்டார்.

அந்த அப்பா ஹென்றி போர்டு. மகன் எட்ஸெல் போர்டு.

என்ஜின் அப்பாவுடையது. சக்கரம், அச்சு, பிரேக் எல்லாம் அப்பாவுடையவை. மகனுக்கு விட்டுக் கொடுக்கப்பட்டது காரின் வெளித்தோற்றம் ஒன்றுதான். அதிலே அவர் பெரும் புகழ் பெற்றார். இன்று பழைய கார்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், இது எந்த ஆண்டுக் கார், எந்த வகைப் பாடி, எந்தப் பெயர் என்று நுணுக்கமாகப் பார்த்துப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சில் பாதி எட்ஸெல் போர்டு விட்டுச் சென்ற கார்களைப் பற்றியது.

ஒரே பிள்ளை

1893-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி, அமெரிக்காவில் டிட்ராய்ட் நகரில் எட்ஸெல் பிறந்தார். ஹென்றி போர்டுக்கும் அவர் மனைவி கிளாராவுக்கும் ஒரே பிள்ளை. ஹென்றியுடன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நண்பர் ஒருவரின் பெயர் எட்ஸெல். அந்தப் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள்.

அப்போது ஹென்றி பணக்காரர் அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்த்த என்ஜினீயர். குழந்தைக்கு 2 வயது நடந்தபோது, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், ஹென்றி தன் முதல் மோட்டார் வண்டியைச் செய்து முடித்தார். அது 1896-ம் ஆண்டு.

1903-ல் போர்டு கம்பெனி தொடங்கியது. 1908-ல் "மாடல் டி" கார் வந்தது. பணம் வெள்ளமாகக் கொட்டியது. பையன் கார்களோடு கார்களாக வளர்ந்தான். சிறு வயதிலேயே கார் ஓட்டக் கற்றுக் கொண்டான். படம் வரைவதில் அவனுக்கு ஆசை அதிகம். பள்ளிப் படிப்பு முடிந்ததும், கல்லூரிக்குப் போகாமல் நேராகக் கம்பெனிக்கு வந்து விட்டான். அப்பாவுக்கும் அதுதான் விருப்பம்.

1915-ல் எட்ஸெல் நண்பர்களோடு டிட்ராய்ட்டிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை காரிலேயே போனார். அமெரிக்காவின் குறுக்கே நீண்ட பயணம். நல்ல ரோடு இல்லாத காலம். நண்பர்கள் காடில்லாக், ஸ்டட்ஸ் என்ற விலை உயர்ந்த கார்களில் வந்தார்கள். எட்ஸெல் சாதாரண மாடல் டி காரில் போனார். போர்டு மகன் வேறு காரில் போக முடியுமா?

1916-ல் எலினார் கிளே என்ற பெண்ணை மணந்தார். டிட்ராய்ட்டில் பெரிய ஜவுளிக் கடையும் பலசரக்கும் சேர்ந்த மாளிகைக் கடை வைத்திருந்த ஹட்சனின் உறவுப் பெண் அவர். மூன்று ஆண் குழந்தைகள், ஒரு பெண் குழந்தை. குடும்ப வாழ்க்கையில் எட்ஸெலுக்கு எந்தக் குறையும் இல்லை. குறை எல்லாம் ஆபீசில்தான்.

கறுப்பு ஒன்றே நிறம்

1919-ம் ஆண்டு தொடக்கத்தில் எட்ஸெல் கம்பெனித் தலைவர் ஆனார். அதே ஆண்டில் மற்றப் பங்குதாரர்களுக்கெல்லாம் 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, பங்குகளை வாங்கி விட்டார்கள். கம்பெனி முழுவதும் அப்பா, அம்மா, மகன் மூவருக்கும் சொந்தம் ஆயிற்று.

தலைவர் பதவி மகனுக்கு. உத்தரவு போடுவது அப்பா.

ஹென்றி போர்டுக்கு ஒரே கொள்கை. கார் மலிவாக இருக்க வேண்டும். உறுதியாக இருக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். 1914 முதல் 1925 வரை மாடல் டி கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. 800 டாலருக்கு மேல் விற்ற கார் 300 டாலருக்கும் கீழே வந்தது. குடியானவர்களும் தொழிலாளிகளும் வாங்கினார்கள். ஹென்றி செய்தது சிறிய காரியம் அல்ல. அதை மறுக்க முடியாது.

ஆனால் காலம் மாறியது. ஒரு கார் வாங்கிப் பழகியவர்கள், அடுத்த கார் அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். போட்டிக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் பல நிறங்களில் கார் விற்றது. எட்ஸெலுக்கு அது புரிந்தது. அப்பாவிடம் எடுத்துச் சொன்னார். அப்பா காது கொடுக்கவில்லை.

லிங்கன் கார் வந்த கதை

1922-ல் எட்ஸெலுக்கு ஒரு வழி பிறந்தது.

ஹென்றி லேலண்ட் என்பவர் காடில்லாக் கார் கம்பெனியைத் தோற்றுவித்தவர். வேலையில் மயிரிழை பிசகக் கூடாது என்பார். அவர் 1917-ல் லிங்கன் கம்பெனியைத் தொடங்கினார். தாம் முதன் முதலில் ஓட்டுப் போட்ட ஆபிரகாம் லிங்கனின் பெயரை அதற்கு வைத்தார். முதல் உலகப் போரில் விமான என்ஜின் செய்தார். போர் முடிந்ததும் கார் செய்தார். என்ஜின் மிக உயர்ந்தது. ஆனால் காரைப் பார்த்தால் பழைய பாணி. வாங்க ஆள் வரவில்லை. கம்பெனி கடனில் மூழ்கியது.

1922 பிப்ரவரியில் போர்டு குடும்பம் 80 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. லேலண்டும் அவர் மகனும் நான்கு மாதத்தில் வெளியேற வேண்டி வந்தது. கிழவருக்கு வயது 79. ஹென்றி போர்டின் ஆட்கள் அவரை நடத்திய முறை சரியானது அல்ல.

லிங்கன் கம்பெனி எட்ஸெலின் கைக்கு வந்தது. விலை உயர்ந்த கார் என்பதால் அப்பா அதில் அதிகமாகத் தலையிடவில்லை. எட்ஸெல் தம் விருப்பம் போல் வேலை தொடங்கினார்.

பாடி கட்டியவர்கள்

நம் ஊரில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் எப்படி? கம்பெனியிலிருந்து என்ஜினும் சக்கரமும் வைத்த சேஸிஸ் வருகிறது. பாடி கட்டுவது வேறு பட்டறை. அந்தக் காலத்தில் பணக்காரர்களின் கார்களுக்கும் அப்படித்தான். குதிரைச் சாரட்டு செய்த பரம்பரைத் தொழிலாளிகள் கார்ப் பாடி கட்டினார்கள்.

எட்ஸெல் நாட்டிலுள்ள நல்ல பட்டறைகளை எல்லாம் அழைத்தார். பிரன், ஜட்கின்ஸ், வில்லோபி, லெபரான், டீட்ரிச், லாக் என்று பல பெயர்கள். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு கை. ஒருவரிடம் ஒரே ஒரு பாடி கட்டச் சொன்னால் விலை ஏறிவிடும். ஆகவே, நல்ல மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே சமயத்தில் பல பாடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். இதனால் விலையும் கட்டுக்குள் இருந்தது, அழகும் கெடவில்லை.

இந்தப் பாடிகளின் பெயர்கள் பலரைக் குழப்பும். எல்லாம் சாரட்டு வண்டிகளின் பெயர்கள். பார்த்துத் தெரிந்து கொள்வது கஷ்டம் அல்ல. கூரையையும் கண்ணாடியையும் கவனித்தால் போதும்.

கூரை இரும்பால் ஆனது, நிரந்தரமானது, உள்ளே இரண்டு வரிசை ஆசனம் என்றால் அது செடான். அதையே நீளமாக்கி, டிரைவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்தால் லிமோசின். முதலாளி வண்டி அது. ஜட்கின்ஸ் பட்டறை கட்டிய பெர்லின் என்ற வகைக்குச் செடான் போன்ற தோற்றம். ஆனால் உள்ளே தடுப்பும் உண்டு. வெளியே நின்று பார்ப்பவர் செடான் என்பார். கதவைத் திறந்து பார்த்தால்தான் பெர்லின் என்று தெரியும். ஜெர்மனியின் பெர்லின் நகரத்துப் பெயர் அது.

டிரைவர் தலைக்கு மேல் கூரை இல்லாமல், பின்னால் உட்காரும் எஜமானருக்கு மட்டும் கூரை இருந்தால் அது டவுன் கார். மழை வந்தால் நனைவது டிரைவர்தான்.

துணிக் கூரை வண்டிகளில் ஏமாந்து விடுவது சுலபம். ரோட்ஸ்டர், கேப்ரியோலே இரண்டுக்கும் மடக்கும் துணிக் கூரை. தூரத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். கதவைப் பார்க்க வேண்டும். கேப்ரியோலேயில் கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி மேலே ஏறும். ரோட்ஸ்டரில் கண்ணாடியே கிடையாது. மழை வந்தால் திரை மாட்ட வேண்டும். ரோட்ஸ்டரைப் போலவே கண்ணாடி இல்லாமல், இரண்டு வரிசை ஆசனத்தோடு இருந்தால் அது பேட்டன்.

பேட்டன் என்பது கிரேக்கக் கதையில் வரும் பெயர். சூரியனின் மகன் அவன். அப்பாவின் தேரை ஒரு நாள் ஓட்டுவேன் என்று கேட்டு வாங்கினான். குதிரைகளை அடக்க முடியாமல் விழுந்து மாண்டான். எட்ஸெல் எத்தனையோ பேட்டன் கார்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்.

லிங்கன் காரின் பானட் மேல் பாயும் வேட்டை நாயின் சிறு உருவம் இருக்கும். அதுவும் எட்ஸெல் காலத்தில் வந்ததுதான். அமெரிக்க ஜனாதிபதிகள் லிங்கனில் ஏறினார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்டுக்காக 1939-ல் பிரன் பட்டறை மடக்குக் கூரை வைத்துக் கட்டிக் கொடுத்த லிங்கன் கார் பெயர் பெற்றது.

ஏழைகள் காரிலும் அழகு

1927 மே 26-ந் தேதி. ஒன்றரைக் கோடியாவது போர்டு கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. அப்பாவும் மகனும் அதில் சேர்ந்து சென்றார்கள். அத்தோடு மாடல் டி நிறுத்தப்பட்டது. விற்பனை விழுந்து விட்டது. வேறு வழி இல்லாமல்தான் அப்பா இறங்கி வந்தார்.

புதிய காருக்கு "மாடல் ஏ" என்று பெயர். என்ஜின் வேலையை அப்பா பார்த்தார். உருவத்தை மகனிடம் விட்டார். லிங்கனின் சாயலை எட்ஸெல் அந்தச் சிறிய காரில் கொண்டு வந்தார். 1927 டிசம்பர் 2-ந் தேதி அது காட்சிக்கு வைக்கப்பட்டது. கடைகளில் கூட்டம் தாங்கவில்லை. கறுப்பு மட்டும் கண்ட கண்களுக்கு நயாகரா நீலம், அரேபிய மணல் என்று நிறங்கள்! 4 ஆண்டுகளில் 50 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக விற்றது.

மாடல் ஏ காரிலும் பல வகைகள். "டூடர்", "போர்டர்" என்று இரண்டு பெயர்கள் உண்டு. கேட்டால் அரச பரம்பரைப் பெயர் போல் இருக்கும். விஷயம் அவ்வளவு பெரியது அல்ல. இங்கிலீஷில் இரண்டு கதவு என்பதைச் சேர்த்துச் சொன்னால் டூடர். நான்கு கதவு என்பதைச் சேர்த்துச் சொன்னால் போர்டர். கதவை எண்ணிப் பார்த்துப் பெயரைச் சொல்லி விடலாம்.

"ஸ்போர்ட் கூப்பே" என்ற வகை வேடிக்கையானது. துணிக் கூரை. பக்கத்தில் மடக்குவதற்கான வளைந்த இரும்புக் கம்பி. பார்த்தவர் எவரும் இது மடங்கும் என்றுதான் சொல்வார். மடங்காது! கூரை அப்படியே பொருத்தப்பட்டது. கம்பி வெறும் அலங்காரம். இன்றும் பழைய கார்க் கண்காட்சிகளில் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேப்ரியோலே என்று சொல்லி மாட்டிக் கொள்வது உண்டு.

பிறகு "ஸ்டாண்டர்டு", "டீலக்ஸ்" என்று தரம் பிரித்தார்கள். 1938-ல் இது ஒரு தந்திரமாகவே ஆயிற்று. டீலக்ஸ் காருக்குப் புது முகம் கொடுத்தார்கள். ஸ்டாண்டர்டு காருக்கு முந்திய ஆண்டின் முகத்தையே கொஞ்சம் மாற்றி வைத்தார்கள். 1939-லும் அதே கதை. அந்த ஆண்டு ஸ்டாண்டர்டு காரைப் பார்த்தால் முந்திய ஆண்டு டீலக்ஸ் போல இருக்கும். ஆகவே முகத்தை மட்டும் பார்த்து ஆண்டைச் சொன்னால் தவறிப் போகும்.

பிரேக் சண்டை

இவ்வளவும் மேல்பூச்சு. உள்ளே கை வைக்க எட்ஸெலுக்கு அனுமதி இல்லை.

எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் பிரேக் அப்போது வந்து விட்டது. கிரைஸ்லர் கார்களில் 1924 முதல் இருந்தது. நம் காரிலும் வைப்போம் என்று எட்ஸெல் பல முறை மன்றாடினார். ஹென்றி மறுத்தார். கம்பியும் கோலும் இழுக்கும் பழைய பிரேக்கே போதும் என்றார். கடைசியில் 1939-ம் ஆண்டுக் கார்களில்தான் அது வந்தது. அதற்குள் போர்டு கம்பெனி முதல் இடத்தை இழந்து வெகுகாலம் ஆகி விட்டது.

ஆலைத் தொழிலாளர் விஷயத்திலும் இதே நிலை. சங்கத்தோடு பேசித் தீர்க்கலாம் என்பது எட்ஸெலின் எண்ணம். ஹென்றியோ ஹாரி பென்னட் என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். பென்னட்டின் ஆட்கள் அடிதடிக்காரர்கள். 1937 மே 26-ந் தேதி தொழிற்சாலைப் பாலத்தில் சங்கத் தலைவர்களை இரத்தம் வர அடித்தார்கள். படங்கள் பத்திரிகைகளில் வந்தன. தலைவர் என்ற பெயர் எட்ஸெலுக்கு, அவமானமும் அவருக்கு. 1941-ல்தான் சங்கத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று.

அப்பாவை எதிர்த்து அவர் வெளியே ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. எதிர்த்திருக்க வேண்டும் என்று பலர் எழுதி இருக்கிறார்கள். ஒரே பிள்ளை, அப்பாவின் மேல் பாசமும் உண்டு, பயமும் உண்டு. அந்த வீட்டுக்குள் இருந்தவருக்குத்தான் அது தெரியும்.

கம்பெனிக்கு வெளியே அவர் உறுதியாக நின்றது உண்டு. மெக்சிகோ நாட்டு ஓவியர் டீகோ ரிவேரா, டிட்ராய்ட் கலைக்கூடத்தின் சுவரில் போர்டு தொழிற்சாலையின் காட்சிகளை 27 ஓவியங்களாகத் தீட்டினார். பணம் கொடுத்தவர் எட்ஸெல். 1933-ல் திறந்தபோது ஊரில் கலவரம். சுண்ணாம்பு அடித்து அழித்து விட வேண்டும் என்று கூச்சல். எட்ஸெல் அசையவில்லை. ஓவியங்கள் தப்பின. இன்றும் டிட்ராய்ட்டுக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்கத் தவறுவது இல்லை. ஒரு மூலையில் எட்ஸெலின் உருவமும் இருக்கிறது.

1936-ல் 25 ஆயிரம் டாலரைப் போட்டு அவர் ஒரு தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அதுதான் போர்டு பவுண்டேஷன். 1952-ல் டில்லியில் அதன் கிளை திறந்தது. 1960-ல் தொடங்கிய தீவிர விவசாயத் திட்டத்துக்கு அது பண உதவி செய்தது. அந்தத் திட்டத்தில் முதலில் எடுத்துக் கொள்ளப்பட்ட மாவட்டங்களில் ஒன்று நம் தஞ்சாவூர்.

காண்டினென்டல்

எட்ஸெலின் பெயர் நிலைத்து நிற்பது ஒரு காரினால்.

கம்பெனியில் அவருக்கு மனதுக்குப் பிடித்த ஆள் ஒருவர் இருந்தார். பெயர் கிரெகரி. முன்பு உல்லாசப் படகுகளுக்கு வரைபடம் போட்டவர். 1935-ல் காரின் உருவத்தை வரைவதற்கு என்றே எட்ஸெல் ஒரு பிரிவை ஏற்படுத்தி, அவரை அதன் தலைவர் ஆக்கினார். இருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். எட்ஸெல் அதிகம் பேச மாட்டார். கோடு நீளமா, குறுகலா என்று மட்டும் சொல்லுவார்.

அதற்கு முன்பே, 1934-ல், எட்ஸெலுக்காக கிரெகரி அலுமினியத்தில் சிறிய பந்தயக் கார் போன்ற ஒரு வண்டியைச் செய்து கொடுத்திருந்தார். விற்பனைக்கு அல்ல. எட்ஸெல் ஓட்டிப் பார்க்க.

1936-ம் ஆண்டு மாடலாக "லிங்கன் ஸெபர்" வந்தது. 12 சிலிண்டர் என்ஜின். காற்றைக் கிழிக்கும் உருவம். விலையும் பெரிய லிங்கனைவிட மிகக் குறைவு.

1938-ல் எட்ஸெல் ஐரோப்பாவுக்குப் போய் வந்தார். அங்கே பார்த்த கார்கள் அவர் மனதில் நின்றன. தாழ்வான உருவம், நீண்ட பானட், பின்னால் வெளியே தெரியும் ஸ்டெப்னி. பனிக்காலத்தில் புளோரிடாவுக்கு ஓய்வுக்குப் போகும்போது ஓட்ட, அது மாதிரி ஒரு கார் வேண்டும் என்று கிரெகரியிடம் சொன்னார். கிரெகரி, ஸெபர் காரின் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். மஞ்சள் பென்சிலால் அதன் மேலேயே கோடு போட்டார். பானட்டை நீட்டினார். உடலைச் சில அங்குலம் தாழ்த்தினார். பின்னால் ஸ்டெப்னியை நிறுத்தி வைத்தார். சிறிது நேரத்தில் வேலை முடிந்தது. எட்ஸெல் பார்த்தார். மாற்றம் எதுவும் சொல்லவில்லை.

1939 மார்ச்சில் அந்தக் கார் புளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. எட்ஸெல் அதை ஓட்டிக் கொண்டு தெருவில் போனால், பணக்காரர்கள் நிறுத்திக் கேட்டார்கள். எங்கே கிடைக்கும், என்ன விலை என்றார்கள். தமக்கென்று செய்த வண்டியை விற்பனைக்கும் செய்ய எட்ஸெல் முடிவு செய்தார். அக்டோபரில் உற்பத்தி தொடங்கியது.

1940-ம் ஆண்டுக் கார்கள் 404-தான். கேப்ரியோலே 350. இரும்புக் கூரை வைத்த கிளப் கூப்பே 54. ஏறக்குறைய கைவேலை. தகடுகளை இணைத்த இடத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றித் தேய்த்து வழவழப்பாக்கினார்கள்.

பெயரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் ஆண்டில் இது "லிங்கன் ஸெபர் காண்டினென்டல்". ஸெபரின் ஒரு கிளை. 1941-ல் "லிங்கன் காண்டினென்டல்" என்று தனிப் பெயர் ஆயிற்று. இரண்டு ஆண்டுக் கார்களும் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். வித்தியாசம் கதவில் இருக்கிறது. 1940 காரில் திருப்பித் திறக்கும் கைப்பிடி. 1941 காரில் கைப்பிடி கிடையாது; பட்டனை அமுக்க வேண்டும். 1942-ல் மட்கார்டு பெரிதாகிச் சதுரமாயிற்று. போருக்குப் பின்னால், 1946-ல், முகத்தில் கனமான குரோமியக் கம்பிகள் ஏறின. எட்ஸெல் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கம்பிகளை ஒப்புக் கொண்டிருப்பாரா என்பது சந்தேகம். அவர் போட்டதெல்லாம் மெல்லிய கோடு.

போர்டுக்கும் லிங்கனுக்கும் நடுத்தரத்தில் ஒரு கார் வேண்டும் என்று "மெர்குரி" காரைக் கொண்டு வந்தவரும் எட்ஸெல்தான். பெயரும் அவர் தேர்ந்தெடுத்தது.

49 வயதில்

இரண்டாம் உலகப் போரில் போர்டு கம்பெனி குண்டு வீச்சு விமானம் செய்ய ஒப்புக் கொண்டது. வில்லோ ரன் என்ற இடத்தில் மிகப் பெரிய தொழிற்சாலை எழுந்தது. வேலை தாமதப்பட்டது. பழி எட்ஸெலின் தலையில் விழுந்தது. அவருக்கு ஏற்கனவே வயிற்றுப் புண். 1942 ஜனவரியில் ஆபரேஷன் நடந்தது. பிறகு புற்றுநோய் என்று தெரிந்தது. இதற்கிடையே, போர்டு பண்ணையிலிருந்து வந்த கிருமி நீக்காத பாலைக் குடித்ததால் விட்டு விட்டு வரும் காய்ச்சலும் பிடித்துக் கொண்டது. பாலைச் சூடுபடுத்திக் கிருமி நீக்குவதில் ஹென்றிக்கு நம்பிக்கை கிடையாது.

1943 மே 26-ந் தேதி, டிட்ராய்ட்டுக்கு அருகே ஏரிக் கரையில் இருந்த தம் வீட்டில் எட்ஸெல் காலமானார். அவருக்கு வயது 49. மே 26 என்ற தேதி அவர் வாழ்க்கையில் மூன்றாவது முறை வந்தது.

மகன் போன பிறகு, 79 வயதுக் கிழவர் ஹென்றி மறுபடியும் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நினைவு தடுமாறும் வயது. பென்னட்டின் கை ஓங்கியது. கடற்படையில் இருந்த எட்ஸெலின் மூத்த மகன் ஹென்றியை, அரசாங்கம் விடுவித்து வீட்டுக்கு அனுப்பியது. அவருக்கு இடம் கொடுக்கக் கிழவர் இழுத்தடித்தார். அப்போது குடும்பத்துப் பெண்கள் குறுக்கிட்டார்கள். பேரனிடம் கம்பெனியை ஒப்படைக்க வேண்டும் என்று கிளாரா கணவரிடம் சொன்னார். எலினார், தம் பங்கை விற்று விடுவதாகவே சொல்லி விட்டார். கணவரைத்தான் காப்பாற்ற முடியவில்லை; மகனையாவது காக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். 1945 செப்டம்பரில் பேரன் தலைவர் ஆனார். முதல் வேலையாகப் பென்னட்டை வெளியேற்றினார். 1947-ல் கிழவர் மறைந்தார்.

காண்டினென்டல் கார் 1948-ல் நின்றது. மொத்தம் சுமார் 5,300 கார்கள். 1951-ல் நியூயார்க் நவீன கலை மியூசியம், உலகத்தின் அழகான கார்கள் என்று எட்டைத் தேர்ந்தெடுத்துக் காட்சிக்கு வைத்தது. அவற்றில் ஒன்று 1941 காண்டினென்டல். பின்னால் ஸ்டெப்னி நிறுத்தி வைக்கும் பாணிக்கு அமெரிக்காவில் காண்டினென்டல் என்பதே பெயர் ஆகி விட்டது. இளைய மகன் வில்லியம் 1955-ல் "காண்டினென்டல் மார்க் 2" காரைக் கொண்டு வந்தார். விலை சுமார் 10 ஆயிரம் டாலர். அதில் லிங்கன் என்ற பெயர் எங்குமே கிடையாது. லிங்கன் மார்க் 2 என்று சொல்கிறவரைப் பழைய கார்ப் பிரியர்கள் உடனே திருத்துவார்கள்.

பெயர் பட்ட பாடு

1957 செப்டம்பர் 4-ந் தேதி கம்பெனி ஒரு புதிய காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்குப் பெயர் தேட ஆயிரக்கணக்கான பெயர்களை எழுதிப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் மறைந்த தலைவரின் பெயரையே வைத்தார்கள்: எட்ஸெல். குடும்பத்தாருக்கு அதில் விருப்பம் இல்லை. அப்பாவின் பெயர் சக்கரத்தோடு சுற்றுவதை மகன்கள் விரும்பவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை.

நான்கு தரங்கள். ரேஞ்சர், பேஸர் இரண்டும் சிறியவை. போர்டு காரின் பாடியை ஒட்டிச் செய்தவை. கார்ஸேர், ஸைட்டேஷன் இரண்டும் பெரியவை. மெர்குரி காரின் பாடியை ஒட்டியவை. பெயர்ப் பலகையைப் பார்க்காமல், அளவைப் பார்த்தே பாதி கண்டு பிடித்து விடலாம். முகத்தின் நடுவே செங்குத்தான ஒரு வளையம். அதைப் பார்த்து ஊரே சிரித்தது. காரில் கோளாறுகளும் இருந்தன. வாங்க ஆள் இல்லை. 1959 நவம்பர் 19-ந் தேதி உற்பத்தியை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. சுமார் 25 கோடி டாலர் நஷ்டம்.

எட்ஸெல் போர்டு இறந்து 14 ஆண்டுகளுக்குப் பின் வந்த கார் அது. அவர் அதில் ஒரு கோடுகூடப் போட்டது இல்லை. ஆனாலும் தோல்வி அடைந்த சரக்கு எதுவானாலும் அதை எட்ஸெல் என்று சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் உண்டாகி விட்டது.

1960-ம் ஆண்டு மாடலாக வந்த கடைசி எட்ஸெல் கார்கள் 2,846-தான். முன்னால் இருந்த செங்குத்து வளையத்தை எடுத்து விட்டதால், அதே ஆண்டுப் போர்டு காரோடு கலந்து நிறுத்தினால் பலருக்கு அடையாளம் தெரியாது. பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். போர்டு காரில் சிவப்பு விளக்குகள் படுத்திருக்கும். எட்ஸெல் காரில் அவை நின்று கொண்டிருக்கும்.